ஏழாவது மதிலுக்கு மேலே ஒரு சுனை

செஞ்சி
12.6.1987

அன்பு மச்சானுக்கு, கமர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம், மாமி உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். மற்றதெல்லாம் நீங்கள் விட்டுப் போனபடியே இருக்கிறது. மேன்ஷன் சாப்பாட்டில் இளைத்துப் போயிருந்தாலும் நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரியும்.

நீங்கள் அனுப்பி, துரைக்கண்ணு கண்டக்டர் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்த கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். துபாயிலிருந்து கௌஸ் பாஷா அண்ணன் என் கல்யாணத்துக்கு டி.வி.யோடு இந்த வீடியோ கேம் பெட்டியையும் கொடுத்தபோது, பொண்ணுக்குப் போய் இதையா என்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போது உங்கள் வீட்டில் அதை ஆடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆட்டம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மேலேயிருந்து பூச்சிகள் வரிசையாக இறங்குகின்றன, கீழேயிருந்து நாம் சுட வேண்டும். முதல் பத்து நிமிஷம் நன்றாக இருக்கிறது. அப்புறம் வேகம் மட்டும் கூடுகிறது, வேறு புதுமை எதுவும் இல்லை. ஒரு ஓட்டையும் கண்டுபிடித்தேன். இடது ஓரத்தில் ஒதுங்கி நின்றால் ஒரு பூச்சியும் நம்மைத் தொடாது. சாமர்த்தியமே வேண்டாத ஆட்டம் என்ன ஆட்டம்? இதைவிடப் பெரிய குறை, நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன், பொங்கி வழிந்துவிட்டது. வீட்டில் வேலை இருக்கிறவர்களும் ஆடுவார்கள் என்று இதைச் செய்தவனுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. மாமி வந்து பார்த்துவிட்டு, "இன்னா கமரு, பூச்சி மருந்து அடிக்க இவ்ளோ நேரமா? பால் பூட்ச்சே!" என்றார்.

வீடு பார்த்தீர்களா? கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதில் நாம் ஒரே வீட்டில் இருந்தது முப்பத்தொரு நாள். எனக்குக் கோட்டை அலுத்துவிட்டது, இந்தத் தெரு அலுத்துவிட்டது. என்னைக் கூட்டிப் போங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கமர்


சென்னை
20.6.1987

அன்புக் கமருக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

பூச்சி ஆட்டத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பத்திரிகையில் எனக்கு இன்னும் விவசாயப் பக்கம்தான். யூரியா, பூச்சிமருந்து, மறுபடியும் யூரியா. உன் கடிதம்தான் எனக்கு இங்கே ஒரே ஆறுதல்.

இன்னும் இரண்டு கேசட் அனுப்பியிருக்கிறேன். பர்மா பஜாரில் தெரிந்தவர் கொடுத்தது. ஒன்று கார் ஓட்டுவது, ஒன்று டென்னிஸ். எது நல்லது, எது மட்டம், ஏன் என்று போன தடவை மாதிரியே ஒன்றுவிடாமல் எழுது.

வீடு பார்க்காமல் இல்லை. இங்கே இப்போது பயங்கரத் தண்ணீர்க் கஷ்டம். லாரி வந்தால்தான் குடம் நிறைகிறது. உன்னைக் கூட்டி வந்து தெருவில் வரிசையில் நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. மழை வரட்டும், பார்க்கலாம்.

உன்
அமீர்


செஞ்சி
9.7.1987

அன்பு மச்சானுக்கு, கமர் ஸலாம் சொல்லி எழுதுவது.

முதலில் கார். ரோடு நேராகவே போகிறது, எதிரே வருகிற வண்டிகளும் ஒழுங்காக அவரவர் வழியில் வருகின்றன. இதைச் செய்தவன் ஒரு நாள் திண்டிவனம் ரோட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இருட்டு வருகிற இடம் அருமை. வண்டி தெரியாது, விளக்கு மட்டும் தெரியும். அந்த ஒரு இடத்துக்காகவே வாங்கலாம். சாயங்காலம் மட்டும் ஆட முடியவில்லை. வயல்களில் மோட்டார் போட்டதும் லோ வோல்டேஜில் படம் சுருங்கி ரோடே காணாமல் போகிறது.

டென்னிஸைப் பற்றி எழுத வேண்டாமென்றுதான் நினைத்தேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பெட்டியோடு வந்த இரண்டு ஜாய்ஸ்டிக் குச்சிகளில் ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன், இன்னொரு குச்சி பாயில் கிடந்தது. பந்தை அடித்தேன். எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்க ஆளில்லை, எனக்கு ஒரு புள்ளி. மறுபடி அடித்தேன், மறுபடி ஒரு புள்ளி. இப்படியே பதினைந்து புள்ளி ஜெயித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். தனியாக இருக்கிறவளுக்கு இந்த ஆட்டத்தை ஏன் அனுப்பினீர்கள்?

எனக்குக் குடம் தூக்கத் தெரியும், வரிசையில் நிற்கவும் தெரியும், சண்டை போட்டு முன்னால் போகவும் தெரியும். எட்டுக்கு எட்டு அறை போதும். கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.

உங்கள்
கமர்


சென்னை
3.8.1987

அன்புக் கமருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, வேலை கழுத்தை நெரிக்கிறது. டென்னிஸ் விஷயம் மனசைத் தைத்தது. என்ன செய்வது, தண்ணீர் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

இத்துடன் வருவது புத்தம் புதிய கேசட், சென்னையிலேயே பத்துப் பேரிடம்கூட இருக்காது. கோட்டை ஏறும் ஆட்டம். கோட்டை மூலைமுடுக்கெல்லாம் ஏறி இறங்கியவள் நீ. இதைப் பற்றிச் சொல்ல உன்னைவிட வேறு யார் இருக்கிறார்கள்? எத்தனை மதில், எங்கே என்ன ஆபத்து, உச்சியில் என்ன இருக்கிறது, எல்லாம் வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது.

உன்
அமீர்


செஞ்சி
11.8.1987

மச்சானுக்கு ஸலாம்.

பதினைந்தாம் தேதிக்குள் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. வீட்டைப் பற்றியும் இந்தத் தடவை கேட்கவில்லை.

கோட்டைக்கு ஏழு மதில். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பாய் நின்று கல்லை உருட்டுகிறான். கல் வருமுன் சிப்பாயின் கை மேலே போகும், அதைப் பார்த்து ஒதுங்கத் தெரிந்தால் போதும். நிறம் நன்றாக இருக்கிறது. ஏறும்போது வருகிற சத்தம் மட்டும் காதைக் குடைகிறது. ஏழாவது மதிலைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு சுனை இருக்கிறது. அதில் மூன்று தடவை குதித்து எழுந்தால் மூன்று உயிர் கூடுதலாகக் கிடைக்கும். நான் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டம் இதுதான்.

நீங்களே ஒரு தடவை ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கமர்


சென்னை
4.9.1987

அன்புக் கமருக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கோட்டை ஆட்டத்தில் அந்தச் சுனைக்கு எப்படிப் போவது? இங்கே ஒரு நண்பர் முயற்சி செய்து பார்த்தார், ஏழாவது மதிலே வரவில்லை என்கிறார். நாலாவது மதிலோடு திரும்ப முதல் மதிலுக்கே வந்துவிடுகிறதாம். எந்த இடத்தில் குச்சியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று படம் போட்டு அனுப்பு. உன்னை நம்பி நான் அவரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடு. துரைக்கண்ணுவிடமே கொடுத்துவிடு, தபாலை நம்ப வேண்டாம்.

உன்
அமீர்


செஞ்சி
8.9.1987

மச்சானுக்கு,

படம் போட்டு அனுப்ப வழியில்லை. சுனை கிடையாது. உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. நாலே மதில், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தண்ணீர்க் கஷ்டம், தண்ணீர்க் கஷ்டம் என்று எழுதிக்கொண்டே இருந்தீர்களே, உங்களுக்காகத்தான் கோட்டை உச்சியில் ஒரு சுனை வெட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் பக்கத்து வீட்டு ராஜம்மாள் டீச்சர் உங்கள் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "கமரு, உங்க வூட்டுக்காரர் வீடியோ கேம் பத்தி எழுதறது ஷோக்கா இருக்குது. ஆனா உன்ன இப்படி வாரிட்டாரே!" என்று சிரித்தார். ஜூலை இதழையும் அவரிடமே வாங்கிப் படித்தேன். இடது ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற வித்தை இருந்தது. லோ வோல்டேஜ் இருந்தது. 'நான் ஏழு தடவை ஆடிப் பார்த்தேன்' என்றும் இருந்தது. எங்கே ஆடினீர்கள்? உங்கள் மேன்ஷனில் டி.வி. ஏது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கேட்டிருந்தால் நானே உங்கள் பேரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ஆனால் 'இந்த ஆட்டத்தின் நுட்பமெல்லாம் என் மனைவிக்குப் புரியாது, அடுப்பில் பால் பொங்குவதுதான் அவளுடைய பெரிய கவலை' என்று அச்சடித்தீர்களே, அதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? டென்னிஸைப் பற்றி நான் அழுது எழுதினேன். நீங்கள் அதை 'தனியாக இருப்பவர்கள் இந்தக் கேசட்டை வாங்க வேண்டாம்' என்று ஒரு வரியாக்கிவிட்டீர்கள். நான் உங்களைக் கூப்பிட்டது கடைக்குப் போகிறவர்களுக்கு யோசனையாகிவிட்டது.

வீடு ஏன் கிடைக்கவில்லை என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. நான் அங்கே வந்துவிட்டால் கடிதம் எழுத மாட்டேன். உங்களுக்குக் கமர் வேண்டியிருக்கவில்லை, கமருடைய கடிதம்தான் வேண்டியிருந்தது. கோட்டை ஆட்டத்தை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்பீர்கள், சுனையைக் காணோமே என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள் என்று ஆகஸ்ட் முழுக்க எதிர்பார்த்தேன். செப்டம்பர் இதழில் சுனை அப்படியே வந்திருக்கிறது.

கமர்


சென்னை
14.9.1987

என் அன்புக் கமருக்கு,

என்ன திட்டினாலும் தகும். ஆனால் நடந்ததைக் கேள். ஜூன் மாதக் கடைசியில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. ஆசிரியர் சுந்தரமூர்த்தி சார் ஏதாவது புதுசாகக் கேட்டார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. ஒரு தடவைதானே என்று கொடுத்தேன். எட்டு வருஷமாக யூரியாவைப் பற்றி எழுதியவனுக்கு ஒருத்தரும் ஒரு கார்டு போட்டதில்லை. பூச்சி ஆட்டத்துக்கு நூற்றிருபது கார்டு வந்தது. அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. பால் விஷயத்தை எழுதியது மகா தப்பு. பெண்பிள்ளை எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் எழுதிவிட்டேன்.

இப்போது என் வேலைக்கே ஆபத்து. சுனையைக் காணோம் என்று பிள்ளைகளின் கடிதம் மூட்டையாக வருகிறது. சனிக்கிழமை, 26ஆம் தேதி, ஆபீஸிலேயே பெட்டியை வைத்து எல்லோர் முன்னாலும் என்னை ஆடிக் காட்டச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். எனக்குக் குச்சியைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

வீடு கிடைத்துவிட்டது. திருவல்லிக்கேணியில் பின்கட்டு, வற்றாத கிணறு. நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு. ஒரே நாளில் எனக்குக் கோட்டை ஏறக் கற்றுக்கொடு. சுனையை அச்சுப்பிழை என்று சமாளித்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் நீ எழுது, நான் பேர் போடுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே இருப்போம். உன் பேரே பத்திரிகையில் வந்தால் நம் ஜனங்கள் என்ன பேசுவார்கள், யோசித்துப் பார். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

உன்
அமீர்


செஞ்சி
20.9.1987

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மாமியிடம் படித்துக் காட்டிவிட்டேன். முழுதும் கேட்டார். "பதினேழு மாசமா கெடைக்காத வூடு ஆறு நாள்ல கெடச்சிட்ச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் போய், பாயில் கிடந்த இரண்டாவது குச்சியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டென்னிஸ் ஆடினோம். எனக்கு ஆறு புள்ளி, அவருக்கு நாலு. இரண்டு பேர் இருந்தால் நல்ல ஆட்டம்தான் அது. நான் எழுதிய விமரிசனத்தை மாற்றிக்கொள்கிறேன்.

சுனை விஷயத்தில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் மேல் இருந்த கோபத்தில், முகம் தெரியாத பிள்ளைகளை இல்லாத தண்ணீருக்கு ஏற விட்டேன். அது நீங்கள் செய்த தப்பு இல்லை, நான் செய்தது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம் வேண்டும். அதனால் 8ஆம் தேதி உங்களுக்கு எழுதின கையோடு உங்கள் ஆசிரியருக்கும் எழுதினேன். நாலு மதில்தான், சுனை என் கற்பனை, அதை எழுதியவள் நான், மற்ற மூன்று ஆட்டங்களைப் பற்றி எழுதியதும் நான். கீழே கமர் ஜஹான், செஞ்சி என்று கையெழுத்துப் போட்டேன். உங்கள் மனைவி என்று எழுதவில்லை.

முந்தாநாள் பதில் வந்தது. 'வியாழக்கிழமை, 24ஆம் தேதி, பதினோரு மணிக்கு வந்து ஆடிக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்' என்று எழுதியிருக்கிறார், உங்களுக்குச் சொன்ன சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால். ஜனங்கள் பேசுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் மனைவிக்கு ஒன்றும் புரியாது என்று இந்த ஊர் ரெண்டு மாதமாகப் பேசிவிட்டது, அதைவிடவா இனிமேல் பேசப் போகிறது?

வியாழக்கிழமை காலை ஐந்து மணி பஸ்ஸில் வருகிறேன், மாமியும் வருகிறார். எங்களை அழைத்துப்போக பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். திருவல்லிக்கேணி வீட்டுக்கு வருவதா, அதே பஸ்ஸில் செஞ்சிக்குத் திரும்புவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அது நீங்கள் பேசப்போகும் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

நாங்கள் ஆபீஸுக்குள் நுழையும்போது நீங்களும் அங்கே இருப்பீர்கள். இவங்க யாரு என்று ஆசிரியர் உங்களைத்தான் கேட்பார். மாமி உங்கள் அம்மா, அவரை யாரென்று சொல்ல உங்களுக்குக் கஷ்டம் இருக்காது. என்னை யாரென்று சொல்வீர்கள் என்பதை யோசித்து வையுங்கள்.

கமர் ஜஹான்