மூன்றாம் நாற்காலிக்கு எதிரே மீன்தொட்டி

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் இன்னொன்று மிதந்தது. மஞ்சள் மீன். வால் இருந்த இடத்தில் நூல் நூலாக ஏதோ தொங்கியது. நோயாளிகள் வருவதற்குள் வலையால் அள்ளிவிடலாம் என்று ஓடினால், எங்கள் நோயாளி, ஓய்வுபெற்ற டீச்சர், எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"சிஸ்டர், வாரத்துக்கு மூணு நாள் நாங்க இங்க வர்றது இதைப் பார்க்கவா?"

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். நாற்காலியில் நான்கு மணி நேரம் சாய்ந்து கிடப்பவர்கள் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று, டாக்டரிடம் கெஞ்சிக் கூடத்தில் தொட்டி வைக்கச் சொன்னவள் நான்தான். நிறம் நிறமாக இருக்கிறதே என்று ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களைக் கேட்டவளும் நான்தான்.

அழகில் குறைவில்லை. ஆனால் அந்தப் பெரிய நீல ஆண்மீன்! பாறைக் குவியல் முழுவதையும் தன் பெயருக்கு எழுதி வாங்கியதுபோலக் காவல் காக்கிறது. கிட்டே வந்தவனையெல்லாம் கடித்துத் துரத்துகிறது. டீச்சர் அதற்கு 'மாமனார்' என்று பெயர் வைத்திருக்கிறார். "எங்க மாமனாரும் இப்படித்தான். வீட்ல நாலு நாற்காலி இருந்தா நாலும் அவருக்குத்தான்."

மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒண்ணு செத்துச்சுன்னா தொட்டியே வேணாம்."

பிப்ரவரி 7, வெள்ளி

மாமனாரைப் பிடித்து, மூடியும் காற்றுக் குழாயும் போட்ட பெரிய வாளியில் தனியாக விட்டேன். இனி நிம்மதி.

பிப்ரவரி 10, திங்கள்

நிம்மதியாவது ஒன்றாவது. இத்தனை நாள் மூலையில் பதுங்கிக் கிடந்த கோடுபோட்ட மீன் இப்போது பாறைக்குச் சொந்தம் கொண்டாடுகிறது. மாமனாரே தேவலை. வீட்டில் புலம்பினேன். "ஒருத்தர் ரிடையர் ஆனா அடுத்தவர் சீட்டுல உக்காரத்தானே செய்வாரு" என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

மூன்றாம் நாற்காலித் தம்பி இன்று வரவில்லை. போன வாரமும் ஒரு நாள் வரவில்லை. கட்டட வரைபடம் போடுகிற பையன், இருபத்தாறு வயது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று எத்தனை தடவை சொல்வது? அவன் அப்பாவுக்குப் போன் செய்தேன். டைல்ஸ் ஒட்டும் வேலை அவருக்கு. "நான் சொன்னா கேக்க மாட்டான் சிஸ்டர். நீங்க சொல்லிப் பாருங்க."

பிப்ரவரி 12, புதன்

வந்தான். முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு. அப்பா வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வழக்கம்போல வெளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை இல்லை.

ஊசி போடும்போது கேட்டேன், "ஏன் தம்பி இப்படிப் பண்றே?"

"வந்து மட்டும் என்ன ஆகப்போகுது?"

பிறகு கண்ணாடிக்கு அப்பால் பார்த்தபடியே சொன்னான். "உடம்பு முடியலைன்னு மாசக்கணக்கா சொன்னேன். நடிக்கிறேன்னாரு. சோம்பேறின்னாரு. லீவு நாள்ல அவர் வேலைக்குக் கூட்டிட்டுப் போய் டைல்ஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏற வெச்சாரு. இப்ப கிட்னி தர்றேன்னு வந்து நிக்கிறாரு. எனக்கு வேணாம்."

வெளியே அந்த மனிதர் சிமென்ட்டால் வெடிப்பு விழுந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். "கல்லையெல்லாம் ஏன் ஒரே மூலையில குவிச்சு வெச்சிருக்கீங்க?"

"பார்க்க நல்லா இருக்கும்னு."

"ஊருக்கே ஒரு வீடு கட்டினா அடிச்சுக்காம என்ன பண்ணும்?"

பிப்ரவரி 17, திங்கள்

தம்பி போனில் மீன்களைப் பற்றிப் படித்திருக்கிறான்; வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி. "தொட்டிக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க சிஸ்டர்?"

மெஷினுக்குப் போகிற அதே ஆர்.ஓ. தண்ணீர், இதைவிடச் சுத்தமானது எங்கும் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். ஊசி இல்லாத கையால் தலையில் அடித்துக்கொண்டான்.

"அதுல ஒரு சத்தும் இல்லையே! இதுங்க பூர்வீகம் பெரிய ஏரி. உப்புச்சத்துள்ள கடினத் தண்ணிதான் ஒத்துக்கும்."

நல்ல வேடிக்கை. மீன்களுக்கும் சேர்த்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்திருக்கிறேன்! இனி குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக மருந்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

போன வெள்ளிக்கிழமை தம்பி சொன்னதையே மீன்கடைக்காரரும் சொல்கிறார்: மீன் போதாது. கூட்டம் குறைவாக இருந்தால் ரவுடியானவன் எளியவன் ஒருவனையே குறிவைத்து அடித்துக் கொல்வான். கூட்டம் அதிகமானால் யாரைத் துரத்துவது என்று அவனுக்கே குழம்பிவிடும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு ஆண்கள் கூடாது. மீன் கூடினால் அழுக்கும் கூடும், அதனால் இன்னொரு ஃபில்டர், வாராவாரம் தண்ணீர் மாற்றம்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "செத்துக்கிட்டே இருக்குன்னு இன்னும் வாங்கணுமா? இது என்னம்மா நியாயம்?" டாக்டர்தான் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மார்ச் 3, திங்கள்

தம்பி வந்தான். நான் போன் செய்யாமலே வந்தான்.

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

புதுமீன்கள் வரும் நாள். தம்பி நாற்காலியிலிருந்தே திட்டம் போட்டிருந்தான். பழைய குவியலைக் கலைத்து, தொட்டி முழுக்கப் பொந்து பொந்தாக அடுக்கிவிட்டுத்தான் புதியவற்றை விட வேண்டும். அப்போதுதான் பழைய மீனுக்கும் அது புது இடம், உரிமை பேச முடியாது. கல் அடுக்குவது என் வேலை. கடைக்காரர் பைகளை வைத்துவிட்டுப் போனார். நான் கையைக் கழுவப் போகும்போது டீச்சருக்குத் திடீரென்று பிரஷர் இறங்கிவிட்டது. அவரை விட்டு எப்படி நகர்வது? காலைத் தூக்கி, சலைன் ஏற்றி... வெளியே பைகளுக்குள் மீன்கள் திணறுகின்றன.

தலை நிமிர்ந்தால், தம்பியின் அப்பா தொட்டியருகே நிற்கிறார். சட்டைக் கையை மடித்துவிட்டு, நான் வைக்கட்டுமா என்று சைகையில் கேட்கிறார். என்னிடம் இல்லை, மகனிடம்.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பவும் பைகளைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

வெளியே மணி அடித்தது. அவர் தடுமாறி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி மேலேயே வைத்தார்.

"அப்பா, எல்லாக் கல்லையும் முதல்ல வெளிய எடுங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எடுங்கப்பா, மீன் தவிக்குது."

பிறகு அந்தக் கைகள் வேலை செய்த வேகம்! இடப்பக்கம், இன்னும் மேலே, நடுவுல ஒரு சந்து விடுங்க, அது ஆடுது பாருங்க. "ஆடாதுடா, நான் வெச்ச கல்லு ஆடுமா?" என்று அவர் போனைப் பார்த்து அதட்டினார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கும் பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு மீன்களை விட்டோம். மாமனாரையும் கடைசியில் திரும்ப விட்டோம்.

மார்ச் 14, வெள்ளி

மாமனார் வாடகை வீடு தேடுகிறவர் மாதிரி சுற்றுகிறார். துரத்துகிறார், ஆனால் பாதி வழியில் யாரைத் துரத்தினோம் என்று மறந்துவிடுகிறார். ஒன்றும் சாகவில்லை.

மார்ச் 28, வெள்ளி

தண்ணீர் மாற்றும் பொறுப்பு இப்போது தம்பியின் அப்பாவுக்கு. ஃபில்டரை எப்படிக் கழுவுவது என்று ஸ்பீக்கர் போட்ட போனிலேயே இருவருக்கும் வாக்குவாதம். நடுவில் அவர் குரல் தாழ்ந்தது. "நீ நடிக்கலைன்னு அப்ப எனக்குப் புரியலைடா. புரிஞ்சிருந்தா ஒரு பெட்டியத் தூக்க விட்டிருப்பேனா?" தம்பி போனை வைக்கவில்லை.

நான் போய் மெஷினைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 16, புதன்

ஒரு மஞ்சள் பெண்மீன் முட்டைகளை வாயில் அடைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறது. இந்த மீன்கள் அப்படித்தானாம், வாயிலேயே குஞ்சு பொரிக்கும். "வாயைத் திறக்காம இருக்கறதுன்னா என்னால முடியாதுப்பா" என்கிறார் டீச்சர்.

போகும்போது தம்பி மெதுவாகக் கேட்டான். "சிஸ்டர், அப்பாவுக்கு அந்த டெஸ்ட்டெல்லாம் எடுக்கணும்னா யாரைப் பார்க்கணும்?"

நான் எத்தனை சாதாரணமாக விவரம் சொன்னேன் தெரியுமா? உள்ளே போய்த்தான் அழுதேன்.

மே 9, வெள்ளி

பொருந்துகிறது!

செப்டம்பர் 15, திங்கள்

மூன்றாம் நாற்காலி காலி. பெரிய ஆஸ்பத்திரியில் இன்று ஆபரேஷன், இருவருக்கும். நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் போன். தம்பியின் அப்பா. படுக்கையிலிருந்து பேசுகிறவர் குரலா அது? ஒரே கூச்சல்.

"சிஸ்டர்! மூத்திரம் போறான் சிஸ்டர்! பை நிறைஞ்சு நிறைஞ்சு மாத்துறாங்களாம்!"

நான் வார்டுக்குள் போய் அப்படியே உரக்கச் சொன்னேன். வேறு எங்கே சொன்னாலும் முகம் சுளிப்பார்கள். இங்கே, ஒரு சொட்டு வந்து எத்தனையோ வருஷமாகிப்போனவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி குத்தியிருப்பதால் இரண்டு கையும் சேர்த்துத் தட்ட முடியாது. மற்ற கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார்கள். அறை முழுக்க அந்தச் சத்தம்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவனை நல்லாப் போகச் சொல்லுங்க சிஸ்டர். எங்களுக்கும் சேர்த்து."