அரை அணு

ஜூலை 3
காலையிலிருந்து மழை. எங்கள் கடையில் காப்பித்தூள் வாங்கக்கூட ஆளில்லை. மகளின் வைவாவுக்கென்று அத்தா வேன் பேசிவிட்டார். என் ஆய்வு வழிகாட்டி தேவகுமாரி மேடத்துக்குப் போர்த்தச் சால்வையும் வாங்கியாயிற்று. முனைவர் பட்டத்தின் கடைசித் தேர்வு என்று ஊரெல்லாம் விளக்கி, அத்தாவே பாதி டாக்டராகிவிட்டார்.

ஜூலை 5
காலிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. விண்வெளித் தூசி ஒன்றின் மேல் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒரே நேரத்தில் இருந்தால்தான் சேர்ந்து மூலக்கூறாகும். மிகச் சின்னத் தூசியில் சராசரியாக இருப்பது அரை அணுகூட இல்லை. நானோ தீசிஸில் அந்தச் சராசரியை அதனாலேயே பெருக்கி, வினை வேகமாக நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அரை அணு எதோடு சேரும்? ஒன்று வந்து ஒட்டி, அடுத்தது வருமுன் பறந்துவிடும். மழைநாளில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மாதிரி.


ஜூலை 6
அணுக்களை ஒவ்வொன்றாக வரவிட்டுக் கணக்குப் போட்டேன். வேகம் ஆயிரம் மடங்கு குறைகிறது. தீசிஸின் முக்கிய முடிவே அந்த வேகம்தான்.

ஜூலை 7
புதுக் கணக்கில் தப்பு இருக்காதா என்று தேடுகிறேன். இல்லை.

ஜூலை 8
மேடத்துக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எக்ஸாமினருங்க ஓகே பண்ணிட்டாங்க சுமையா. யாரும் கேக்கப் போறதில்ல. வைவா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.
கேட்டால் என்ன சொல்வேன்? கேட்காவிட்டால் — எவனாச்சும் கேட்ருவானோன்னு காலம் பூரா பயந்துக்கிட்டே கெடக்கோணுமா நானு?

ஜூலை 9
வைவாவைத் தள்ளிவைக்கச் சொல்லி மெயில் அனுப்பிவிட்டேன். மேடம் இனி என் முகத்தில் விழிப்பாரா? பட்டம் கிடைக்குமா?
அத்தாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.
"ஏங்கண்ணு, அந்தத் தூசி எங்க இருக்குது?"
"நொம்ப தூரம் அத்தா."
"அங்க போயி எவன் பாக்கப் போறான்?"
கேலியா கோபமா, தெரியவில்லை. தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வேன்காரரைக் கூப்பிட்டு, "இப்ப வேணாமுங்க. புள்ள கணக்கு இன்னும் முடியல" என்றார்.

ஜூலை 12
மெயிலுக்குப் பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்காமல் பெயரை மட்டும் பார்க்கிறேன்.

ஜூலை 18
இன்று வைவா நடந்திருக்க வேண்டும். மதியம் மேடத்திடமிருந்து மெசேஜ். திறக்கப் பயந்து, அத்தாவைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்: "நானும் போட்டுப் பாத்தேன். அதேதான் வருது. என்னோட பழைய பேப்பர்லயும் இப்படித்தான் செஞ்சிருக்கேன். நீ எப்ப வர்ற?"
அத்தா போனைத் திருப்பித் தந்தார். "அவங்களும் பயந்து போயிருக்காங்க கண்ணு."
நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே போகிறேன். சால்வையைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.