பல்லால் கடித்த நூல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், கடை சுகம், உன் மகள் வாலு ரொம்பவே சுகம், அவளால் மற்றவர்களுக்குத்தான் சுகமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று எழுதி அனுப்பு, எழுதினால் நம்புவேன், போனில் சொன்னால் நம்ப மாட்டேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் அழுவேன், உன் அப்பா நடுவில் பிடுங்கிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, இஸ்திரி மேசையின் ஒரு ஓரத்தைக் காலி செய்துகொண்டு இதை எழுதுகிறேன்.

போன வாரம் நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. உன் தடயவியல் ஆராய்ச்சிக்காகக் கறைபட்ட துணித் துண்டுகளையும் கறையே படாத வெறும் துண்டுகளையும் வைத்திருந்தாய், வெறும் துண்டில் யாருடைய டி.என்.ஏ. அடையாளமும் வரக்கூடாது, வந்தது, அதுவும் உன்னுடைய எச்சிலின் அடையாளமே வந்தது என்றாய். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நம்பர் எழுதிய சீட்டை ஒவ்வொரு துண்டிலும் நூலால் கட்டினேன், மாஸ்கை இறக்கிவிட்டு நூலைப் பல்லால் கடிச்சுட்டேம்மா என்று நீ சொன்னதும்தான் எனக்கு விளங்கியது. வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது அப்படிச் செய்யுமா? சலவைக் கடையில் பிறந்த பிள்ளைதான் செய்யும். வாங்குகிற துணிக்கெல்லாம் டோக்கன் கட்டி நூலைக் கடிப்பது, திருப்பிக் கொடுக்கும்போது அந்த டோக்கனைக் கடித்து எடுப்பது, காலையில் கடை திறந்தால் சாத்துகிற வரை உன் அப்பாவுக்கும் எனக்கும் இதே வேலை. நீ நடக்கத் தொடங்கியதிலிருந்து எங்களைப் பார்த்துப் பார்த்துக் கடித்தாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நீ செய்தது இருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்கு உச்சி குளிர்ந்து போகிறது. அந்த அறையில் உன்னைத் தவிர யாருமில்லை. அந்த ஒரு துண்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது, படிப்பும் குறித்த நாளில் முடிந்திருக்கும். நீயோ எந்தெந்தத் துண்டின் நூலைக் கடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்று நேராகப் பேராசிரியரிடம் போய்ச் சொல்லி, ஒரு வருஷமாகச் சேர்த்ததை எல்லாம் ஒன்றுகூட விடாமல் ஒதுக்கிவிட்டாய். இனி முதலிலிருந்து தொடங்கினால் குறித்த நாளுக்கு மேல் இன்னும் ஆறு மாதம் ஆகும். அதைச் சொல்லிவிட்டு, பேசாம பெட்டியைக் கட்டிட்டு வந்துடட்டுமாம்மா, நம்மூர் லேப்ல பழைய உதவியாளர் வேலையே போதும்மா, பாப்பா முகத்தைப் பார்க்கணும் போல இருக்கு என்று கேட்டாய் பார், அன்றைக்கு என் வாயில் பதில் வரவில்லை.

உன் அப்பாவுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். உலகத்துல எவளும் செய்யாததையா செஞ்சுட்டா, இதைப் போய் தண்டோரா போடணுமா என்று இஸ்திரிப் பெட்டியை டங்கென்று வைத்தார். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நாளைக்கு அவள் ஆராய்ச்சியை நம்பி, யார் பெற்ற பிள்ளையாவது கோர்ட்டில் நிற்கும்போது, அவன் சட்டையில் இருக்கிறது அவனுடையதா, துணியைச் சோதித்தவளுடையதா என்று தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டால் நம்ம பல்லால ஒருத்தன் ஜெயிலுக்குப் போனான்னு ஆகாதா என்றேன். மனுஷன் சாயங்காலம் பக்கத்துக் கடையில் ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்து, யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று கல்லா மேசையின் காலில் நூல் போட்டுக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு அந்த நூலைப் பல்லால் கடித்தார். நான் சிரித்த சிரிப்பில் துணி வாங்க வந்தவர் பயந்துபோய் வெளியே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீ தப்பாக நினைத்துவிடாதே. ஆறு மாதமா என்று கேட்டவர் அச்சகத்து மை காயாத கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார், அன்று சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வாலுவை மடியில் உட்காரவைத்து எனக்குப் பின்னல் போடச் சொல்லிக்கொடுங்க அத்தை என்கிறார். முதல் நாள் பின்னல் ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் பிடரிக்குக் கீழே. அவளும் அதோடு பள்ளிக்கூடம் போய், எங்க அப்பா போட்டதாக்கும் என்று பெருமை அடித்துவிட்டு வந்தாள். இப்போது என்னைவிட நன்றாகவே போடுகிறார். அவரிடம் நீ இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசு, அவராக எதையும் கேட்க மாட்டார்.

நேற்று நம்மூரில் நீ வேலை பார்க்கிற ஆய்வகத்து மேடம், சலவைக்குப் போட்ட கோட்டை வாங்கிக்கொள்ள வந்தார். உன் விஷயத்தை அவரிடம் சொல்வதா மறைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் மென்று விழுங்குவதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார். லீவை நீட்டிச்சுக் கொடுத்துடறேன், ஆனா இந்தப் படிப்பை முடிச்சா அவளுக்குக் கிடைக்கவேண்டிய ஆபீசர் போஸ்ட் அதுவரைக்கும் காலியா இருக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாதும்மா என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஒன்பது வருஷமாகத் தடயப் பெட்டி தூக்கி, சீல் வைத்து, உனக்குப் பின்னால் வந்த பட்டதாரிப் பிள்ளைகள் உன்னைத் தாண்டி மேலே போவதைப் பார்த்துப் பார்த்துத்தானே இந்தப் படிப்புக்கே கிளம்பினாய். அதைச் சொல்லியே விட்டேன். அவர் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, தப்பு பண்ணாதவங்களை நான் இன்னும் பார்க்கலை, யாரும் கேட்காமலே வந்து சொன்னவங்களை என் சர்வீஸ்லயே ரெண்டு பேரைத்தான் பார்த்திருக்கேன், அவளைப் பாதியில மட்டும் வரவேண்டாம்னு சொல்லுங்க என்றார். அந்த இன்னொருத்தர் யார் என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. அவர் கோட்டின் டோக்கனை மட்டும் மறக்காமல் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

ஆகவே அன்றைக்கு வராத பதிலை இப்போது சொல்கிறேன், வராதே. முடித்துவிட்டு வா. அந்த வேலை கிடைத்தாலும் சரி, வேறொருவருக்குப் போனாலும் சரி, படிப்பு உன்னுடையது, அதை யாரும் உன்னைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. உன்னைப் பெற்றதற்கு நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடக்கிறேன், கடைக்கு வருகிறவர்களிடம் அடக்க முடியாமல் பீற்றிக்கொள்ளவும் செய்கிறேன். உன் அப்பாவும் நான் பார்க்காதபோது அதையேதான் செய்கிறார். ஆய்வகத்துக்குப் போகுமுன் ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு போ, வெறும் வயிற்றோடு நிற்காதே. முடியை இறுக்கிக் கட்டு. சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்துக்கொள்.

உன் மகளைப் பற்றிக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நூலைக் கடித்ததால்தான் நீ வர நாளாகிறது என்று நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கல்லா அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். தாத்தாவின் கை வாய்ப்பக்கம் போனாலே, கடிக்காதே தாத்தா, அம்மா வர இன்னும் லேட்டாகும் என்று கத்துகிறாள். அதெல்லாம் அங்கே அம்மா விஷயம், இங்கே கடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன், உன் அப்பா கண்ணாலேயே தடுத்துவிட்டார். இந்தக் கடையில் இப்போது யாரும் நூலைக் கடிப்பதில்லை.

நல்லா இரு கண்ணே, நோய் நொடி இல்லாமல் இரு, நினைத்ததை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து வந்து சேர். கிடைத்ததும் இரண்டு வரி எழுது.

கத்தரிக்கோலும் கையுமாக,
உன் அம்மா