நேரத்தோடு ஒளிராத குழாய்

அக்கா,

நீ வேலை பார்த்த ஏலப்பாறை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குள் இன்று காலை நுழைந்தேன். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் உன் சேலைத் தலைப்புதான் நினைவுக்கு வந்தது. உன் நாற்காலியில் வேறொரு நர்ஸ். எங்கள் ஆய்வகத்து டெங்கு சோதனைப் பெட்டியை உன் மேசைமேலேயே வைத்தேன்.

முதல் முறை நான் இதைக் கொண்டுவந்தபோது, நீதான் ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கித் தந்தாய். பெட்டியின் ஒவ்வொரு குழாயிலும் மடங்கிக் கிடக்கும் சின்ன டிஎன்ஏ இழை. ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அமுக்கிவைக்கும் பொருள். ரத்தத்தில் டெங்கு வைரஸின் ஆர்என்ஏ இருந்தால் அது வந்து பொருந்தும், இழை விரியும், சாயம் பச்சையாக ஒளிரும் என்று விளக்கினேன். நீல விளக்கைப் போட்டதும் எல்லாக் குழாய்களும் ஒளிர்ந்தன. வெறும் தண்ணீர் விட்டிருந்ததும்கூட.

"ஏட்டி, தண்ணிக்குமா காய்ச்சல்?"

நீ சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இழை தானாகவே அறுந்து சாயம் விடுபட்டுவிடுவதுதான் கோளாறு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று.

அதற்குள் உனக்கே காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். உன் ரத்தம் ஜீப்பில் கீழே பரிசோதனைக்குப் போயிருந்தது. "ஒம் பெட்டியில ஒருவாட்டி பாத்துச் சொல்லேன்ட்டி" என்று போனில் கேட்டாய்.

"அது இன்னும் பொய்தான் சொல்லுதுக்கா. அத நம்பி என்ன செய்ய?"

"அதுவும் சரிதான்" என்றாய். நோயாளிகளிடம் நீயும் அப்படித்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல ஒருநாளும் சொன்னதில்லை.

டெங்கு என்று முடிவு வந்தபோது உன்னைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தோம். பெட்டியை நம்ப முடியாது என்று நான் சொன்னதுதான் சரி என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் அக்கா, அன்று பார்த்திருந்தால் உன் குழாயும் ஒளிர்ந்திருக்கும். எல்லாரிடமும் பொய் சொன்ன பெட்டி உன் விஷயத்தில் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கும். இந்த நினைப்பைத் தள்ளிவிட்டு வேலை பார்க்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

இன்று தண்ணீர் விட்ட குழாய் இருண்டே கிடந்தது. கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணுடையது மட்டும் ஒளிர்ந்தது. உடனே அவளை ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாலையில் அவள் புருஷன் போன் செய்தான்.

"சேத்துட்டோம்மா. நேரத்தோட கொண்டாந்தீங்கன்னு டாக்டரு சொன்னாரு."

கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் சொன்ன அந்த 'நேரத்தோட'வை மட்டும் வீடுவரை சுமந்து வந்திருக்கிறேன், அக்கா. எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.