அரை மணி நேரக் குடும்பம்

செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை.

இன்றும் டிவியில் அந்தப் பழைய நகைச்சுவைத் தொடர் ஓடியது. லோரி ஓட்டும் அப்பா, வாயாடி அம்மா, அடங்காத பிள்ளைகள், எந்நேரமும் சண்டை. எத்தனை முறை போட்டாலும் பார்க்கிறோம். என்னதான் அடித்துக்கொண்டாலும் அரை மணி நேரத்துக்குள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள்.

இன்று அந்த அப்பா மகளை வீட்டைவிட்டுத் துரத்தினார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். போன கிறிஸ்துமஸ் அன்று எங்கள் மகள் ஸ்டெல்லாவை அறைந்து வெளியே போகச் சொன்னவர் அவர்.

எனக்குத் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய் அவளுக்குப் போன் செய்தேன். புஞ்சாக் ஆலாமில் அவள் தங்கியிருக்கும் அறையிலும் அதே தொடர் கேட்டது.

"நீயும் பாக்குறியா?"

"அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்கு வந்துரும்மா. அதான் பாக்குறேன். அப்பா என்னைக் கேட்டாரா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கூடத்துக்கு வந்து போனை அவரிடம் நீட்டினேன். "ஸ்டெல்லாங்க. ஒரு வார்த்தை பேசுங்க லா."

அவர் திரும்பவே இல்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

நான் போனைக் காதில் வைத்தபோது அவள் துண்டித்திருந்தாள். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. இனி என் போனையும் எடுக்கமாட்டாள் என்றே தோன்றுகிறது.