எதால் வகுபடும்?

வெள்ளி, இரவு.

மாதக்கணக்கில் ஓடிய சோதனையை மடிக்கணினி இன்று மாலை முடித்தது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒன்றைக் கழித்து நான் எடுத்த அந்தப் பெரிய எண் பகா எண் இல்லையாம். எதால் வகுபடும் என்று மட்டும் வாயைத் திறக்காது. இந்தச் சோதனையின் குணமே அதுதான்.

அத்தா பேகம்பூர் கல்யாணத் தரகரைப் பார்த்துவிட்டு வந்தார். என்னைப் பெண் பார்த்துப் போனவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"காரணம் என்னத்தா சொன்னாங்க?"

"அதெல்லாம் கேக்கப்படாதும்மா. ஒத்து வராதுன்னுட்டாக, அம்புட்டுத்தான்."

அந்த எண்ணை வகுக்கும் எண்ணைத் தேட வேறொரு நிரலை ஓட்டிவிட்டிருக்கிறேன். என் ஆயுளுக்குள் கிடைக்காது.

அடுத்த மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப, புதிதாக போட்டோ எடுக்கச் சொல்கிறார் அத்தா. பழைய போட்டோவில் என்ன குறை என்று அவருக்கும் தெரியாது.