உன் வீட்டுக் கேஸ் கணக்கு

அளியா,

இன்று காலை ஆபீஸ் பையின் ஜிப்பைத் திறந்ததும் டீசல் நாற்றம் குப்பென்று வந்தது. போன வருஷம் தோப்பும்படி ஹார்பரில் மீன்பிடிப் படகுக்காரன் ஒருவன் நமக்கு எண்ணெய்க் கணக்கு சொல்லிக்கொண்டே கேனைச் சரித்து உன் பைமேல் ஊற்றினானே, அதே நாற்றம்தான். வெயிலில் காயப்போட்டேன், சோப்புப் பவுடரில் ஊறவைத்தேன், போகவில்லை. என் பை பிய்ந்துவிட்டது. புதிதாகக் கேட்டு வாங்கச் சோம்பல்பட்டு, உன் பையைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

கணக்கு மாதம் வந்து, முடியவும் போகிறது. மட்டாஞ்சேரியில் இருந்து தேவரா வரைக்கும் அடுப்பு, படகு, லாரி, ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றும் எவ்வளவு எரிக்கிறது, அதில் எவ்வளவு பசுமை இல்ல வாயு மேலே போகிறது, போன வருஷத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்க்கிற அதே வேலை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது, எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது, முட்டி வலி வேறு. எண்ணுகிறோம், எண்ணுகிறோம், அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. நாம் எண்ணியதால் எந்த அடுப்பும் அணைந்ததாகத் தெரியவில்லை. இந்த வருஷத்தோடு நிற்கிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று மாத ஆரம்பத்திலேயே எர்ணாகுளம் ஆபீஸில் மேடத்திடம் சொல்லியிருந்தேன்.

முன்பெல்லாம் இப்படிச் சலித்துக்கொண்டால், சொந்த மச்சானைப்போல உரிமையோடு நீ திட்டுவாய். "காய்ச்சல் இறங்கலேன்னு தெர்மாமீட்டரத் தூக்கி எறிவியா அளியா? எந்திரி, வா" என்பாய். நானும் முனகிக்கொண்டே உன் ஸ்கூட்டரில் ஏறுவேன்.

நம்மைப் பார்த்தாலே கேஸ் மானியத்தை வெட்ட வந்தவர்கள் என்று கதவைச் சாத்தினவர்கள் எத்தனை பேர்! பஜார் ரோட்டில் சுக்கு மண்டிக்காரர் ஒருவர் நம்மை வருமான வரி ஆட்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். "லாரியா? இங்கயா? வியாபாரமே இல்ல சேட்டா" என்று அவர் கையை விரிக்கும்போதே பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நீ சிரிப்பை அடக்க முடியாமல் தெருவுக்கு ஓடிவிட்டாய். அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் நான் தனியாக மாட்டிக்கொண்டேன், பாவி.

ஒரு வருஷம் நம் பகுதியின் கணக்கு சட்டென்று இறங்கியது நினைவிருக்கிறதா? ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். நீ லட்டை வாயில் அடக்கிக்கொண்டே கேட்டாய்: "அந்த ஐஸ் கம்பெனி எங்க?" விசாரித்தால், அது எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த பஞ்சாயத்துக்குப் போயிருந்தது. ஹார்பருக்கு அதன் ஐஸ் எப்போதும்போல வந்துகொண்டுதான் இருந்தது. "புகை குறையல மேடம், வீடு மாறியிருக்கு" என்றாய். பிறகென்ன, பழைய வருஷங்களிலிருந்தும் அந்தக் கம்பெனியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் போட்டோம். உன்னைச் சபித்துக்கொண்டேதான் நான் உட்கார்ந்திருந்தேன். போட்டு முடித்தபோது இறக்கத்தைக் காணோம், ஏறித்தான் இருந்தது. லட்டைத் திருப்பிக் கேட்பார்களோ என்று நீ பயந்த மாதிரி நடித்தாய்.

அதே மாதம், அதே வீடுகள், அதே கேள்விகள் என்பதில் நீ ஒரு பிடிவாதக்காரன். "வீட்டை மாத்திட்டே இருந்தா, கூடிச்சா குறைஞ்சிச்சான்னு படைச்சவனுக்குத்தான் தெரியும்" என்பாய். எந்தெந்த வீடுகள் என்று முதலில் சீட்டுக் குலுக்கியபோது உன் வீடும் விழுந்தது. தன் வீட்டைத் தானே கணக்கெடுக்கக் கூடாது என்று நாமே ஒரு விதி வைத்துக்கொண்டோம். நான் உள்ளே உட்கார்ந்து உன் மனைவியிடம் கேட்பேன், நீ தெருவில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். உன் காதில் விழ வேண்டும் என்றே ரஹ்மத்து உரக்கச் சொல்வாள்: "இவருக்கு சாயா போட்டே சிலிண்டர் தீருது அண்ணே, அதையும் எழுதிக்கோங்க!" நீ ஜன்னல் வழியாக "பொய், அளியா, பச்சைப் பொய்!" என்று கத்துவாய். நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன்.

வைகாசி நடுவில், இடவப்பாதி மழை பிடித்த வாரத்தில் நீ போனாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் மகன் கல்ஃபிலிருந்து வந்து, இருந்து, திரும்பிப் போனான். மேடத்துக்கு இதெல்லாம் தெரியும். நல்ல மனசோடுதான் போன் செய்தார். "அந்த வீட்டை விட்டுட்டுப் பக்கத்து வீட்டைப் போட்டுக்கோங்க. எதுக்கு உங்களுக்கும் அவங்களுக்கும் கஷ்டம்?" என்றார். சரி என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆள் குடியிருக்கிற வரைக்கும் வீட்டை மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறாயே, உன்னைச் சொல்ல வேண்டும். இல்லை மேடம், நானே போய்க்கொள்கிறேன் என்று சொன்னேன்.

ரஹ்மத்து வெளியாரைப் பார்க்காமல் இருக்கிற இத்தா காலம் முடியட்டும் என்று மற்ற வீடுகளையெல்லாம் முடித்துவிட்டு, நேற்றுத்தான் உன் வீட்டுக்குப் போனேன். வாசல் கதவை அகலத் திறந்து வைத்து எனக்கு நாற்காலி போட்டாள். தெருவில் நீ இல்லாமல் அந்தக் கேள்விகளை எப்படி ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அவளே, "கேளுங்கண்ணே, எல்லாம் தெரிஞ்ச கேள்விதானே" என்றாள்.

"சிலிண்டர் எவ்வளவு நாள் வருதும்மா?"

"முன்னாடி மாசம் ஒண்ணு போவும். இப்ப வெச்சது வெச்சபடி இருக்கு. எனக்கு ஒருத்திக்கு என்னத்த ஆக்கறது? காலைல ஆக்கினதையே ராத்திரியும் தின்னுட்டுக் கிடக்கேன்."

"ஸ்கூட்டர்?"

"அவர் போட்ட பெட்ரோல்தான் இன்னும் கிடக்கு."

எழுதினேன். எல்லாக் கட்டத்திலும் போன வருஷத்தைவிடச் சின்ன எண். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறைஞ்சிருக்கா அண்ணே?"

"குறைஞ்சிருக்கும்மா."

"எவ்வளவு சொல்லிருப்பாரு, கேஸக் குறை, கேஸக் குறைன்னு. நான் காதுலயே போட்டுக்கல." முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அளியா. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன்.

படிவத்தில் குறைந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் 'வீட்டில் ஆள் குறைவு' என்று ஒன்று இருக்கிறதல்லவா? மகள் கட்டிக்கொண்டு போனதற்கும், பையன் கல்ஃபுக்குப் போனதற்கும் நாம் எத்தனை வீட்டில் பேசிக்கொண்டே டிக் அடித்திருப்போம். நேற்று அந்த டிக்கைப் போட எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போட்டேன். உங்கள் தெருவில் இந்த வருஷம் குறைந்தது உன் வீடு ஒன்றுதான். மொத்தமாகக் கூட்டினால் ஊர்க்கணக்கு ஏறத்தான் போகிறது.

கிளம்பும்போது ரஹ்மத்து வாசல்வரை வந்தாள். "அடுத்த வருஷம் வேற யாரோ வருவாங்கன்னு சொல்றாங்களே அண்ணே? புதுசா ஒருத்தர் வந்து, இந்த வீட்டுல ஏன் இப்படிக் குறைஞ்சு போச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"நான்தான் வருவேன்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

காலையில் மேடத்திடம் பேசி, நிற்பதாகச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது, சலிப்பும் அப்படியே இருக்கிறது. இந்த ஊரின் புகை இறங்கும் என்ற நம்பிக்கை எனக்கு ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை. ஆனால் ஏன் குறைந்தது என்ற அந்தக் கேள்வியை ரஹ்மத்திடம் கேட்கிறவன், பதில் முன்பே தெரிந்தவனாக இருக்க வேண்டும்.